ஏரியின் குளிரைக் கடல் கடத்திய டியூடர்

ஏற்காடு என்றால் ஏரியும் காடும் சேர்ந்த ஊர் என்று பொருள் கூறுவர். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எங்களுக்குக் குளிர்ச்சி விலையின்றிக் கிடைக்கிறது. அடிவாரத்துச் சேலத்திலோ சித்திரை வெயிலில் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஏரியின் குளிரையே கப்பலேற்றி நம் சென்னை வரை விற்ற ஒருவர் இருந்தார். அவர்தாம் 'பனிக்கட்டி மன்னர்' எனப் பெயர் பெற்ற பிரெடரிக் டியூடர்.

டியூடர் 1783ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வசதி மிக்க வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தோர் ஹார்வர்டு கல்லூரிக்குச் செல்ல, இவர் 13 வயதிலேயே படிப்பை விட்டு வணிகத்தில் இறங்கினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கைக்கு எட்டிய படிப்பை ஒருவர் உதறினார் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஆயினும் சோதித்துக் கற்பதை அவர் கடைசிவரை விடவில்லை.

பாஸ்டனைச் சுற்றியுள்ள ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை வெட்டி வெப்ப நாடுகளில் விற்றால் என்ன என்று டியூடர் எண்ணினார். ஊரார் நகைத்தனர். 1806இல் 'ஃபேவரிட்' என்னும் கப்பலில் மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்குக்குப் பனிக்கட்டி அனுப்பினார். அங்கே அதைச் சேமிக்கக் கிடங்கு இல்லை. சரக்கு உருகிற்று; நட்டமே மிஞ்சியது. பின்னர்க் கடனுக்காகச் சிறையும் சென்றார்.

மற்றவர் என்றால் அத்தோடு விட்டிருப்பர். டியூடரோ உருகுவதற்குக் காரணம் தேடினார். ஹவானாவில் கிடங்கு கட்டி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் வடிகிறது என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தார். மர அறுவை ஆலைகளில் வீணாகக் கிடந்த மரத்தூளைச் சுற்றிலும் அடைத்தார். மரத்தூளுக்குள் சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தடுத்தால் பனிக்கட்டி நிலைக்கும். 1825இல் அவருடன் இருந்த நத்தேனியல் வைத், குதிரை இழுக்கும் பனிவெட்டும் கருவியை அமைத்ததும் தொழில் விரைவு பெற்றது.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். செப்டம்பரில் கரை சேர்ந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது!

இதற்கிடையே டியூடர் காப்பிக்கொட்டை ஊக வணிகத்தில் இறங்கி, 2 லட்சம் டாலருக்கும் மேல் இழந்தார். காப்பி விலை சரிந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்தில் பழம் பறிக்கும் என் தந்தையாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கடனை டியூடர் பல ஆண்டுகள் பனிக்கட்டி விற்றே அடைத்தார்.

1842இல் சென்னைக் கடற்கரையில் அவருடைய கிடங்கு எழுந்தது. அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். அப்பகுதியை இன்றும் மக்கள் 'ஐஸ் ஹவுஸ்' என்கின்றனர். ஆனால் அந்தக் குளிர்ச்சி வெள்ளையருக்கும் செல்வருக்குமே எட்டியது. டியூடர் 1864 பிப்ரவரி 6ஆம் நாள் மறைந்தார். பின்னர் இயந்திரப் பனிக்கட்டி வந்ததும் அந்த வணிகமும் மறைந்தது.

அவர் காலத்தின் தடம் மட்டும் அழியவில்லை. கடையில் ஏ.சி. வாங்கும்போது ஒன்றரை டன் என்கிறார்களே, அது என்ன? ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது ஈர்க்கும் வெப்பமே அந்த அளவு.

ஏரிக்குளிரும் புது வடிவில் திரும்பியுள்ளது. நீர் 4 டிகிரியில்தான் மிகுந்த அடர்த்தி பெறும். ஆகவே குளிர்நாட்டு ஏரிகளின் ஆழத்தில் அந்நீர் கோடையிலும் தங்கும். கனடாவின் டொரான்டோ நகரில் 2004 முதல் ஒன்டாரியோ ஏரியின் 83 மீட்டர் ஆழத்து நீரைக் குழாய் வழி இழுக்கின்றனர். குடிநீராகப் போகும் வழியில் அது தன் குளிர்ச்சியை வேறொரு குழாய் நீருக்குத் தருகிறது. அந்த நீர் கட்டடம் கட்டடமாகச் சென்று குளிரூட்டுகிறது.

எங்கள் ஏற்காட்டு ஏரி உறைவதில்லை. அதற்கு அந்த ஆற்றல் இல்லை. ஆயினும் ஒரே நிலையத்தில் நீரைக் குளிர்வித்துப் பல கட்டடங்களுக்கு அனுப்பும் முறை நம் நாட்டிலும் வந்துவிட்டது. குஜராத்தின் கிஃப்ட் நகரில் அது நடக்கிறது. தனித்தனி ஏ.சி. பெட்டிகள் தள்ளும் அனல், பக்கத்துத் தகரக் கூரை வீட்டில் அல்லவா போய் விழுகிறது?

மாணவ நண்பர்களே! இம்முறை அலுவலகங்களோடு நில்லாமல் அரசு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வர வேண்டும். குளிர்ச்சியைக் காக்கவும் கடத்தவும் முடியும் என்று டியூடர் காட்டினார். அதை எளியவருக்கும் பங்கிடுவது அறிவியல் பயிலும் நம் கடமை.