திருநாவுக்கரசு சுவாமிகளும் துன்பத்தில் அமைதியும்

நமது தீவகப் பாடசாலைகளிலே சமயபாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் திருநாவுக்கரசு சுவாமிகளுடைய சரித்திரத்தைக் கற்பிக்கின்றார்கள். கல்லோடு கட்டிக் கடலிலே தள்ளப்பட்டும் சுவாமிகள் கரைசேர்ந்தார் என்னுமிடத்து, கடலையே வழியாகக் கொண்டு வாழும் நம் பிள்ளைகள் மிகுந்த ஆவலோடு கேட்பார்கள். அவ்வேளையிலே நெடுந்தீவு மாணாக்கனொருவன் எழுந்து, சுவாமிகளைக் காத்த சிவபெருமான் 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் திகதி குமுதினிப் படகிலே சென்றவர்களை ஏன் காக்கவில்லை என்று வினாவுவானாயின், ஆசிரியர் யாது விடை கூறுவர்? அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அப்படகிலே பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட பலர் நடுக்கடலிலே கொல்லப்பட்டார்கள். 1958 ஆம் ஆண்டிலே நயினாதீவு நாகபூஷணியம்பாள் ஆலயம் தாக்குண்டதையும், 1990 ஆம் ஆண்டிலே தீவகத்தார் பெருந்தொகையினராய் ஊர்விட்டு நீங்கியதையும் அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உளர். ஆதலின் அவ்வினா அடக்கத்தக்கதன்று, விடை தேடத்தக்கது. சுவாமிகளுடைய சரித்திரத்தை முதலிலிருந்து ஊன்றிப் பார்ப்பின் அவ்விடை அதனுள்ளேயே கிடைக்குமென்பது நம் கருத்து.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் முதலிலே திலகவதியாரும், சில ஆண்டுகளின் பின் மருணீக்கியாரும் பிறந்தார்கள். மருணீக்கியாரே பின்பு திருநாவுக்கரசரானவர். திலகவதியார் பன்னிரண்டு வயதை அடைந்தபோது, பல்லவ அரசனுடைய சேனாபதியாகிய கலிப்பகையாருக்கு அவரைக் கொடுப்பதென்று பெற்றோர் இசைந்தனர். மணம் நிகழுமுன்னரே கலிப்பகையார் அரசன் ஆணையால் போர்க்குச் சென்றார். அதன்பின் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் அவரைப் பின்தொடர்ந்தார். அத்துயர் ஆறுமுன்னரே, கலிப்பகையார் போர்க்களத்திலே மாண்டார் என்னுஞ் செய்தியும் வந்தது. அவருக்கென்று உரிமைசெய்யப்பட்ட உயிரை இனித் தாங்கேனென்று திலகவதியார் துணிந்தார். இளையவராகிய மருணீக்கியார் தமக்கையார் பாதங்களிலே வீழ்ந்து, தாமும் முன்னரே இறந்துபடுவதாகக் கூறி அழுதார். தம்பி உளராகவேண்டும் என்னும் தயாவினாலே திலகவதியார் உயிர்தாங்கி, தவநெறியிலே நின்றார்.

ஆசிரியர்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுதல் தகாது. கலிப்பகையார் மீண்டு வந்தாரல்லர். தாயும் தந்தையும் எழுந்தாரல்லர். அற்புதங்கள் நிறைந்த இச்சரித்திரம் அற்புதமொன்றும் நிகழாத மூன்று மரணங்களோடு தொடங்குகின்றது. சேக்கிழார் சுவாமிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பெரியபுராணத்தை அருளிச்செய்தபோது இவற்றை மறைத்தாரல்லர். சிவனடியார் வீட்டிலே சாவு நுழையாது என்று நமது சமயம் ஒருபோதும் கூறியதில்லை.

மருணீக்கியார் நிலையாமையை உணர்ந்து, அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்துத் தருமஞ் செய்தார். பின்பு மெய்ப்பொருளை ஆராயுங் கருத்தினராய்ச் சமண சமயத்தைச் சார்ந்து, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிலே கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் பெற்றார். அப்பாடலிபுத்திரம் இன்று கடலூரைச் சார்ந்து விளங்கும் திருப்பாதிரிப்புலியூரே. திலகவதியாரோ திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, வைகறையிலே திருவலகிட்டு, மெழுகி, மலர்கொய்து மாலைதொடுத்துத் தொண்டுசெய்து, தம்பியை ஆட்கொள்ள வேண்டுமென்று நெடுங்காலம் விண்ணப்பித்து வந்தார். அக்காலமெல்லாம் அவர் தம்பியை வைது தூதனுப்பினார் என்றோ, ஆலயத்தொண்டை ஒருநாளேனும் விட்டார் என்றோ நாம் கேட்டிலேம்.

பின்பு தருமசேனரைச் சூலைநோய் பற்றிற்று. மந்திரமும் மருந்தும் பயன்படாதொழிய, அவர் சமையற்காரனைத் தமக்கையாரிடம் அனுப்பினார். அம்மையார் தாம் அங்கே வருவதற்கில்லை என்று மறுத்தார். அதைக் கேட்ட தருமசேனர் தாமே இரவிலே திருவதிகைக்கு வந்து தமக்கையார் திருவடிகளிலே வீழ்ந்தார். அம்மையார் திருநீறளித்துத் திருக்கோயிலினுள்ளே அழைத்துச்சென்றார். அங்கே பாடிய முதற்றிருப்பதிகம் நோயின் கொடுமையைத் தாங்கலாற்றாத ஒருவருடைய முறையீடேயாகும். நோய் நீங்கியது, நாவுக்கரசு என்னும் திருநாமமும் கிடைத்தது. துன்பத்திலே அமைதி என்பது வாய்மூடிப் பொறுத்திருத்தல் மாத்திரமே என்று எண்ணுவோர் இதனை நோக்குக. வலியை வலியென்று இறைவன் திருமுன்னே சொல்லி அழுதலும் பத்தியேயாம்.

சுவாமிகள் மீண்டும் சைவரானதைப் பல்லவ அரசன் அறிந்து சினந்தான். அவ்வரசனை ஆராய்ச்சியாளர் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்று துணிவர். சேக்கிழார் குறிக்கும் குணபரன் என்னும் பெயர் அவனுக்குரிய பட்டங்களுள் ஒன்றாய்க் கல்வெட்டிலும் காணப்படுகின்றது. சுவாமிகள் நீற்றறையிலே ஏழு நாள் அடைக்கப்பட்டார். நஞ்சு கலந்த பாலடிசில் ஊட்டப்பட்டார். மதயானையின் முன்னே விடப்பட்டார். ஈற்றிலே கல்லோடு பிணித்துக் கடலிலே தள்ளப்பட்டார். அப்போது நமச்சிவாயத் திருப்பதிகம் பாடக் கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்திலே அவரைச் சேர்த்தது. கரையேறவிட்டகுப்பம் என்று ஓரூர் அப்பக்கத்திலே இன்றும் உண்டு. முன்பு தருமசேனராய் வீற்றிருந்த ஊரிலேயே, யாதொன்றுமில்லாத சிவனடியாராய் அவர் கரையேறினார் என்பது சிந்திக்கத்தக்கது. பின்னர் அரசனும் சைவனாகித் திருவதிகையிலே குணபரவீச்சரம் என்னும் ஆலயம் எடுப்பித்தான் என்பர். இச்சரித்திரத்தைச் சொல்லும்போது பிறசமயத்தாரை இகழும் எண்ணம் பிள்ளைகள் மனத்திலே புகாதபடி காத்தல் ஆசிரியர் கடன். இகழப்படவேண்டியது அதிகாரத்தின் கொடுமையேயன்றி ஒரு சமயத்தார் அல்லர்.

ஈண்டு நாம் முதன்மையாகக் காணவேண்டியது ஒன்றுண்டு. நீற்றறையினுள்ளே அடைபட்டபோது ஏழாம்நாள் கதவு திறக்கப்படும்போது தாம் உயிரோடிருப்பாரென்று எவரும் சுவாமிகளுக்குச் சொல்லவில்லை. அவர் உள்ளம் குளிர்ந்திருந்தது முன். அவர் உடல் காக்கப்பட்டது பின். காக்கப்பட்டமையால் அமைதி உண்டாயிற்றென்று கூறின் முறை பிறழும். உயிர் நின்றாலும் நீங்கினாலும் தாம் சிவபெருமானுக்கே உரியர் என்னும் தெளிவே அவ்வமைதிக்கு ஆதாரம். அத்தெளிவு உடைய திலகவதியாருக்குக் கலிப்பகையார் திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் தம்பியாரினும் குறைந்த அன்பரல்லர். அவர் காத்திராவிடின் திருநாவுக்கரசரை நாம் பெற்றிரேம்.

சுவாமிகள் அதன்பின் கையிலே உழவாரப்படை தாங்கித் தலங்கள்தோறுஞ் சென்று, திருக்கோயிற் பிராகாரங்களிலே புற்செதுக்கித் தொண்டுசெய்தார். திருவீழிமிழலையிலே அவரும் திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகளும் தங்கியிருந்த காலத்துக் கொடிய பஞ்சம் வந்தது. சிவபெருமான் இருவருக்கும் நாடோறும் பொற்காசு அருளினார்; இரண்டு மடங்களிலும் அடியார்கள் உணவருந்தினார்கள். நாவுக்கரசர் பெற்ற காசு வாசியின்றிச் செல்ல, சம்பந்தர் பெற்ற காசு வட்டங்கொடுத்தே மாற்றப்பட்டது. நாவுக்கரசர் கைத்தொண்டு செய்தமையே அதற்குக் காரணமென்று சேக்கிழார் கூறுவர். பஞ்சகாலத்திலே சுவாமிகள் மனஞ்சோர்ந்து ஒதுங்கியிராது கைத்தொண்டை விடாது செய்து, வந்த பொருளைப் பிறர் பசிக்கு ஈந்தார் என்பதை இதனால் அறிகின்றோம்.

அவ்விருவரும் திருமறைக்காட்டுக்கும் எழுந்தருளினர். அது வேதாரணியம் என வழங்குவது. பாக்கு நீரிணைக்கு அக்கரையிலே நமது தீவுகளை நோக்கி இருப்பது. அங்கே அடைபட்டிருந்த திருக்கதவு திறக்கும்படி நாவுக்கரசர் பாடினார். கதவு எளிதிலே திறக்கவில்லை. பதிகம் நிறைவெய்திய பின்னும் இரக்கம் வேண்டிப் பாடியபின்னரே திறந்தது. சம்பந்தர் ஒரு பாட்டுப் பாடியவளவிலே அது மூடிக்கொண்டது. தமக்கு ஏன் இவ்வளவு தாழ்த்ததென்று சுவாமிகள் மனம் வருந்தினார். கடலிலே அஞ்சாதவர் இங்கே கலங்கினார். இதனால் நாம் அறிவதென்னை? அமைதி ஒருமுறை பெற்றால் என்றும் நீங்காத பொருளன்று. பெரியோர்க்கும் அது அடிக்கடி புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டுவதேயாம். வருந்தும் பிள்ளையையும் துயருற்ற பெற்றோரையும் பத்தியில்லாதவர் என்று கடிந்துகொள்ளல் பெரும் பிழை.

சுவாமிகள் எண்பத்தொரு வயதளவும் வாழ்ந்து, திருப்புகலூரிலே சித்திரைச் சதயத்திலே சிவபெருமான் திருவடியை அடைந்தார். அங்கே உழவாரப்படை செல்லுமிடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றியபோது, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பவெண்ணி வாவியிலே எறிந்தார். அவர் பாடியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பன 312 திருப்பதிகங்கள். அவை நான்காம், ஐந்தாம், ஆறாந் திருமுறைகளாக வகுக்கப்பட்டுள்ளன.

இனி, மாணாக்கனுடைய வினாவுக்கு வருவோம். குமுதினியிலே இறந்தோர் அன்பிற் குறைந்தவர் என்று ஒருபோதும் கூறற்க. அது பொய்யும் கொடுமையுமாம். சிவபெருமான் அடியாரை எப்போதும் சாவினின்று மீட்பார் என்று உறுதிமொழி கூறுதலும் வேண்டா. கலிப்பகையார் சரித்திரம் அதனை மறுக்கும். கல் மிதந்த கதையைச் சொல்லும் அன்றே திலகவதியார் கதையையும் சொல்லுக. உற்றாரையெல்லாம் இழந்த அவ்வம்மையார் தம்பியின்பொருட்டு உயிர்தாங்கி, திருவலகைக் கையிலெடுத்து, பல்லாண்டு காத்திருந்தார் என்று கூறுக. பிள்ளைகள் தம் வீட்டிலேயே அத்தகைய தாயரையும் பாட்டிமாரையும் கண்டிருப்பார்கள். இடம்பெயர்ந்து திரும்பி, பற்றை மண்டிய ஆலய வீதியைச் செதுக்கித் துப்புரவாக்கி மீளவும் விளக்கேற்றியவர்கள் திலகவதியாருக்கும் நாவுக்கரசருக்கும் உறவினரேயாவர். வெள்ளிக்கிழமைதோறும் பாடசாலைக்கு அயலிலுள்ள கோயில்வீதியிலே பிள்ளைகளோடு கூடிப் புற்செதுக்கித் தண்ணீர் சுமந்து தொண்டுசெய்யும் ஆசிரியர், இச்சரித்திரத்தின் பொருளைச் சொல்லாமலே கற்பித்தவராவர். மாணாக்கன் பின்னரும் வினாவுவானாயின், அவனைத் தண்டியாது அருகிருத்தி, அவன் இழந்தவர்களின் பெயரைச் சொல்லச்செய்து, அவர்பொருட்டு அவனோடு சேர்ந்து ஐந்தெழுத்தை ஓதுக.

திருச்சிற்றம்பலம்.