கொரிய நாட்டு ஆங்கிலாசிரியர் ஹல்பர்ட்

கீழ்த்திசை நாடுகளுள் கொரியா நெடுங்காலம் மேனாட்டார்க்குக் கதவடைத்திருந்த நாடு. 1882-ஆம் ஆண்டில் அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே அக்கதவு சற்றுத் திறந்தது. அயல்நாட்டாருடன் உறவு கொள்ள வேண்டுமாயின் அவர்தம் மொழியறிந்த அதிகாரிகள் வேண்டுமன்றோ? அதுகருதிக் கோஜோங் மன்னர் அமெரிக்காவினின்றும் ஆசிரியர்களை வரவழைக்க விரும்பினார். 1884-இல் தலைநகரில் மூண்ட கலகத்தால் அவ்வெண்ணம் தடைப்பட்டு, 1886 ஜூலைத் திங்களிலேதான் கில்மோர், பங்கர், ஹல்பர்ட் என்னும் மூவரும் சியோல் நகர் வந்து சேர்ந்தனர். அம்மூவருள் ஹோமர் ஹல்பர்ட்டின் வரலாற்றையே நாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

அவர் 1863-இல் வெர்மான்ட் மாகாணத்தில் பிறந்தவர். தந்தையார் சமயகுரு; மிடில்பரி கல்லூரியின் தலைவராகவும் விளங்கியவர். டார்ட்மத் கல்லூரியில் 1884-இல் பட்டம் பெற்ற ஹல்பர்ட், கொரிய மண்ணில் காலடி வைத்தபொழுது 23 வயது இளைஞர்.

அரசாங்கப் பள்ளி அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பெற்றது. மாணாக்கர் ஏறக்குறைய 35 பேர், இரு வகுப்பினர். முதல் வகுப்பார் ஏற்கெனவே பதவியில் அமர்ந்திருந்த இளம் அதிகாரிகள். வீட்டிலிருந்து வந்து பயில்வோர். மற்றையோர் உயர்குடிப் பிள்ளைகள், பள்ளியிலேயே தங்கியிருந்தோர். அவர்கள் பள்ளிக்கு வந்த கோலத்தை நம் மாணவ நண்பர்கள் மனக்கண்ணாற் காண வேண்டும். பல்லக்கேறி வருவோர் உண்டு. நூல்களையும் புகைக்குழாயையும் ஏவலாளர் தாங்கிவர, வெறுங்கையராய் வருவோரும் உண்டு. ஆசிரியர்க்குக் கொரிய மொழி தெரியாது. மாணாக்கர்க்கு ஆங்கில அரிச்சுவடியும் தெரியாது. இடையே மொழிபெயர்ப்பாளர் நின்று உதவினர். எழுத்திலே தொடங்கி, பின்னர்க் கணக்கு, பூகோளம் முதலியவற்றையும் ஆங்கிலத்திலேயே கற்பித்தனர். மன்னர் தாமே மாணாக்கரைப் பரீட்சித்ததும் உண்டு. அரசரே பரீட்சகராக அமர்ந்தால் நம்முள் எத்துணைப் பேர் அச்சமின்றி வாய் திறப்போம்!

ஆயினும் தொடக்கத்திலிருந்த ஊக்கம் நீடிக்கவில்லை. சீன நூல்களைக் கற்றுப் பதவி பெறுவதே கல்வியின் பயன் என்று எண்ணிய அக்குடியினர்க்கு ஆங்கிலம் விரைவிற் கசந்தது. அலுவலைக் காட்டி வகுப்பிற்கு வாராதிருத்தல் அதிகாரிகளுக்கு எளிதாயிற்று. ஹல்பர்ட் 1891-இல் ஒப்பந்தம் முடிந்து தாயகம் திரும்பினார். பள்ளியும் 1894-இல் மூடப்பெற்றது.

கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொண்டதே பெரிதென்பது நமது கருத்து. சேஜோங் மன்னர் 1446-இல் நாட்டிற்கு வழங்கிய கொரிய எழுத்தை ஹல்பர்ட் வந்த சில நாட்களிலேயே படிக்கப் பழகினார். எளிமையும் ஒழுங்குமுடைய அவ்வெழுத்தைக் கற்றோர் இழிவாகக் கருதிப் பெண்டிர்க்கும் பாமரர்க்கும் விட்டிருந்தது அவரை வருத்தியது. வருந்தியதோடு நில்லாமல், அறிஞரும் பொதுமக்களும் அறியவேண்டுவன என்னும் பொருள்படச் சாமின் பில்ஜி என்ற உலகப் பூகோள நூலைக் கொரிய எழுத்திலேயே இயற்றி வெளியிட்டார். ஆங்கிலம் கற்பிக்கக் கூலி பெற்றவர் அந்நாட்டார்க்கு அவர்தம் எழுத்தின் பெருமையை உணர்த்த முற்பட்டது வியப்பன்றோ?

1893-இல் மெதடிஸ்ட் சபையின் ஊழியராக மீண்டு வந்து அச்சுக்கூடத்தை நடத்தினார். 1896-இல் அரிராங் என்னும் நாட்டுப் பாடலை மேனாட்டு இசைக்குறியில் பதிவு செய்து வெளியிட்டார். தமிழராகிய நாம் அறியவேண்டிய நூல் ஒன்றும் உண்டு: கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு அவர் 1905-இல் வெளியிட்ட இலக்கணம். வினை ஈற்றில் நிற்பதும், உருபுகள் பெயரின்பின் ஒட்டுவதும் இருமொழிக்கும் பொதுவாதலைக் கண்டு இவை ஓரினம் எனத் துணிந்தார். பிற்கால மொழிநூலார் அத்துணிபை ஏற்றிலர்.

இனி அவர் வாழ்வின் துயரமான பகுதிக்கு வருவோம். 1895-இல் அரசியார் ஜப்பானியர் கையாற் கொலையுண்டபின், மன்னரின் உயிர்க்கு அஞ்சி இரவுகளிற் காவலிருந்த அயல்நாட்டாருள் ஹல்பர்ட்டும் ஒருவர். 1905-இல் மன்னரின் முறையீட்டுத் திருமுகத்தை ஏந்தி வாஷிங்டன் சென்றார். ஆண்டு அவரை ஏற்பார் இலர். அதற்குள் நவம்பர் 17-ஆம் நாள் கொரியாவின் அயலுறவு உரிமை ஜப்பானுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதற்கு உடன்பட்ட அமைச்சருள் ஒருவராகிய யீ வான்யோங், அரசாங்கப் பள்ளியில் ஹல்பர்ட்டிடம் பயின்ற இளம் அதிகாரிகளுள் ஒருவர்! 1910-இல் நாடு முழுவதையும் ஒப்படைத்த உடன்படிக்கையிலும் பிரதம அமைச்சராகக் கையொப்பமிட்டவர் அவரே. ஒரு வகுப்பறையில் ஆசிரியர் எதைக் கற்பித்தார், மாணாக்கர் எதைக் கொண்டார் என்பதை யாரே அளந்து கூறவல்லார்?

1907-இல் ஹேக் நகரில் கூடிய உலகச் சமாதான மாநாட்டிற்கு மன்னர் மறைவாக விடுத்த தூதர்களுக்கும் ஹல்பர்ட் துணைநின்றார். தூதர்களுக்கு அவையில் இடம் கிடைக்கவில்லை. மன்னர் முடிதுறக்க நேர்ந்தது. ஹல்பர்ட் கொரியாவில் வாழ வழியின்றி அமெரிக்காவிலே தங்கி, ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்நாட்டின் விடுதலைக்காகப் பேசியும் எழுதியும் வந்தார்.

விடுதலை பெற்ற கொரியக் குடியரசின் தலைவர் சிங்மன் ரீயின் அழைப்பை ஏற்று, 86-ஆம் வயதில், 1949 ஜூலை 29-ஆம் நாள் மீண்டும் அம்மண்ணை மிதித்தார். ஒரு வாரத்தில், ஆகஸ்டு 5-ஆம் நாள், சியோலில் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தினும் கொரிய மண்ணிலே அடக்கம் பெறுவதையே அவர் விரும்பியிருந்தார். முன்னர்த் தம் குழந்தையொன்றை அடக்கம் செய்த யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்திலேயே அவரையும் அடக்கினர். கல்லறைக் கல்லின் நடுவே குடியரசுத் தலைவர் கையெழுத்தில் பெயர் பொறிக்க விடப்பட்ட இடம் 50 ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்து, 1999-இல், கிம் டேஜுங் தலைவராயிருந்த காலத்தில், அவர் கையெழுத்தால் நிரப்பப்பெற்றது.