வீடு கட்டிய பாங்கிக்காரர்

முதலாவது மகாயுத்தம் முடிந்தபோது வியன்னா நகரம் பசியால் துடித்துக்கொண்டிருந்தது. பேரரசு சிதறிவிட்டது. வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரே அறையில் ஒரு குடும்பம். அந்த அறையிலும் ஒரு கட்டிலை இரவுக்கு மட்டும் வாடகைக்கு விட்டு வயிறு வளர்த்தவர்கள் பலர். மாடி முழுமைக்கும் நடைவழியில் ஒரே தண்ணீர்க் குழாய். காச நோய் அங்கே குடியிருந்தது.

அந்த நேரத்தில் நகரசபையின் கஜானாச் சாவி ஒரு பாங்கிக்காரர் கைக்கு வந்தது. அவர்தான் ஹூகோ பிரைட்னர்.

1873-ம் ஆண்டில் வியன்னாவில் ஒரு யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். லேண்டர் பாங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, டைரக்டர் பதவி வரை உயர்ந்தார். பாங்கி ஊழியர்களுக்குச் சங்கம் அமைக்க முன்நின்றவரும் அவரே. பெரிய சம்பளத்தை உதறிவிட்டு, 1919-ல் சமூக ஜனநாயகக் கட்சியின் சார்பில் நகரின் நிதிப் பொறுப்பை ஏற்றார்.

1922-ல் வியன்னா தனி மாகாணமாயிற்று. சொந்தமாக வரி போடும் உரிமை வந்தது. பிரைட்னர் விடுவாரா? மோட்டார் காருக்கு வரி. பந்தயக் குதிரைக்கு வரி. கேளிக்கைக்கு வரி. வேலைக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டால் வரி இல்லை. இரண்டாமவர், மூன்றாமவர் என்று கூடக் கூட வரி தாவி ஏறும். மாளிகைவாசிகள் பல்லைக் கடித்தார்கள்.

1923-ம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது வீட்டு வரி. வாடகைக்கு இருப்பவர் எல்லோரும் கட்டவேண்டும். ஆனால் ஏழையின் அறைக்குச் சொற்பம், மாளிகைக்குப் பெருந்தொகை. வரி விதிக்கப்பட்ட இடங்களில் மிக விலையுயர்ந்த அரை சதவீதமே மொத்த வசூலில் ஏறக்குறைய 45 சதவீதத்தைக் கொடுத்தது! இந்தப் பணம் வீடு கட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அது போதாமல் போனதை மற்ற வரிகள் ஈடு செய்தன.

கடன் வாங்கிக் கட்டலாமே என்று கேட்டவர்கள் உண்டு. பிரைட்னர் அதை விரும்பவில்லை. வட்டி கட்டினால் அதைக் குடியிருப்பவன் வாடகையில்தானே சுமக்கவேண்டும்? வந்த வரியில் கட்டினார். ஆகவே வாடகை பராமரிப்புச் செலவுக்கு மட்டும் என்றாயிற்று. தொழிலாளியின் கூலியில் அது மிகச் சிறு பங்கு.

செலவுக்குக் கண்காணிப்பும் இருந்தது. 1920-ம் ஆண்டின் நகர அரசியல் சட்டம் தணிக்கை அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும். எதிர்க்கட்சியார் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பார்கள். தெருவில் போகிறவனுக்கும் கணக்கு தெரிந்தது. வீட்டு வரிப் பணத்தில், இன்ன ஆண்டில், நகரசபை கட்டியது என்று கட்டடச் சுவர்களில் பெரிய சிவப்பு எழுத்துக்களில் பொறித்து வைத்தார்கள்.

ஐந்து ஆண்டில் 25,000 வீடுகள் என்று 1923-ல் திட்டம் போட்டார்கள். காலக்கெடுவுக்கு முன்பே முடித்தார்கள்! 1934-க்குள் எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டியது. பெரும்பாலானவை சுமார் 400 சதுர அடிதான். ஆனாலும் உள்ளேயே தண்ணீர், உள்ளேயே கழிப்பறை, ஜன்னலைத் திறந்தால் முற்றத்து மரம். 1930-ல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு மட்டும் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளம்; அதில் 1,382 வீடுகள்.

பகையும் வளர்ந்தது. வரி ஏற ஏற பிரைட்னர் ஒரு கொடுங்கோலர் என்றே எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் தீட்டின. யூதர் என்ற ஏச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. 1930-ல் உள்துறை மந்திரியாக இருந்த ஸ்டார்ஹெம்பர்க், பிரைட்னரின் தலை உருளும் என்று பொதுக்கூட்டத்திலேயே மிரட்டினார். மந்திரி பேசும் பேச்சா அது! மத்திய அரசு அதைவிட நுட்பமான ஆயுதத்தையும் வைத்திருந்தது. பொது வரிகளில் வியன்னாவுக்குச் சேரவேண்டிய பங்கை 1931-ல் வெட்டியது. கஜானா வற்றியது. உடல்நலமும் குன்றவே, 1932 நவம்பரில் பிரைட்னர் விலகினார். அவருக்குப் பின் நிதிப் பொறுப்பு டானெபர்க்கிடம் போயிற்று. அவர் 1942-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார்.

1934 பிப்ரவரியில் உள்நாட்டுப் போர். சர்க்கார் படைகள் கார்ல் மார்க்ஸ் குடியிருப்பின்மீது பீரங்கி சுட்டன. பிரைட்னரைச் சிறையில் அடைத்தார்கள். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபின் ஊரே அவருக்கு இல்லாமல் போயிற்று. அகதியாக அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் கிளேர்மான்ட் என்ற சிற்றூரில் 1946 மார்ச் 5-ல் காலமானார்.

யுத்தத்துக்குப் பின் வியன்னா நகரசபை மீண்டும் வீடு கட்டத் தொடங்கியது. பென்சிங் பகுதியில் எழுந்த பெரிய குடியிருப்பு ஒன்றுக்கு ஹூகோ பிரைட்னர் குடியிருப்பு என்று பெயரிட்டார்கள்.