அரங்கன் திருமுன் அரங்கேறிய இராம நாடகம்: அருணாசலக் கவிராயர் வரலாறு

திருவரங்கத்தில் பெரிய பெருமாள் அரவணைமேல் பள்ளிகொண்டிருக்கும் திருக்கோலத்தைச் சேவிக்கும் அடியார் நெஞ்சில் ஒரு வினா எழுவதுண்டு. அனைத்துலகையும் ஓயாது காக்கும் பெருமான் எதனால் இளைத்து இங்ஙனம் பள்ளிகொண்டான் என்பதே அவ்வினா. அதனையே இசைப்பாடலாக்கி எம்பெருமானிடமே கேட்டவர் ஒரு தமிழ்ப் புலவர். அவர் திருமடத்தில் சைவ நூல்களைக் கற்று வளர்ந்தவர். திருமாலின் அவதாரக் கதையைப் பாடியே அழியாப் புகழ் எய்தியவர். அவரே இராம நாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயர் ஆவார்.

கவிராயர் 1711ஆம் ஆண்டில், தரங்கம்பாடிக்கு அண்மையிலுள்ள தில்லையாடி என்னும் சிற்றூரில் வேளாளர் குடியில் தோன்றினார். தந்தையார் நல்லதம்பிப் பிள்ளை, தாயார் வள்ளியம்மை. இளமையிலேயே பெற்றோரை இழந்த அவருக்குத் தருமபுர ஆதீனம் கல்விக்கூடமும் புகலிடமும் ஆயிற்று. அங்கே தமிழ் இலக்கண இலக்கியங்களையும் சைவ நூல்களையும் கற்றுத் தேர்ந்தார். ஆயினும் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது கம்பநாட்டாழ்வாரின் இராமகாதையே. பின்னர் இல்லறம் ஏற்று, தில்லையாடியில் காசுக்கடை வைத்து வாழ்ந்தார். கடை வாணிகம் நடத்திய காலத்தும் கம்பனைக் கற்பதையும் கற்பிப்பதையும் அவர் கைவிடவில்லை.

காலப்போக்கில் சீர்காழி அவருக்கு வாழும் ஊர் ஆயிற்று. அங்கிருந்த தருமபுர மடத்தைச் சார்ந்தோர் அவருடைய புலமையை நன்கறிந்து ஆதரித்தனர். அத்தலத்தின் பெருமையைப் புராணமாகவும் கோவையாகவும் பாடினார். அனுமார்மீது பிள்ளைத்தமிழ் பாடியதும் அவரே. இதனால் தில்லையாடியில் பிறந்தவர் சீர்காழி அருணாசலக் கவிராயர் என்றே நாட்டவரால் வழங்கப்பெற்றார்.

சீர்காழிக்கு அண்மையிலுள்ள சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் இருவர் அவரிடம் கம்பராமாயணம் பாடங்கேட்டு வந்தனர். இருவரும் இசையில் வல்லவர்கள். கம்பன் கவியின் சுவையைக் கற்றோர் மட்டுமே நுகர்கின்றனர். எழுத்தறியாதோரும் பெண்டிரும் சிறுவரும் அதனை எங்ஙனம் பருகுவது என்ற கவலைக்கு அந்தப் பாடசாலையிலேயே விடை பிறந்தது. இராமகாதை முழுவதையும் மேடையில் பாடி நடிக்கத்தக்க இசை நாடகமாக அமைக்கக் கவிராயர் முற்பட்டார். அவர் சொல்லைத் தந்தார். மாணாக்கர் இருவரும் இசை கூட்டினர். ஆசிரியரின் புலமையும் மாணாக்கரின் இசையறிவும் ஒன்றுகூடியதால் இராம நாடகக் கீர்த்தனை உருவாயிற்று.

பால காண்டம் முதல் யுத்த காண்டம் வரை ஆறு காண்டங்களாக விரிந்த அந்நூலில் விருத்தங்கள் கதையை நடத்திச் செல்கின்றன; தரு எனப்படும் இசைப்பாடல்கள் பாத்திரங்களின் உள்ளத்தைத் திறந்து காட்டுகின்றன. கம்பனின் கருத்தைப் பின்பற்றினும் கவிராயரின் நடை வேறு. வீட்டிலும் வீதியிலும் மக்கள் பேசும் சொற்களும் பழமொழிகளும் அவர் பாடல்களில் தயக்கமின்றி இடம்பெற்றன. கடினமான காப்பியம் கேட்ட அளவிலேயே பொருள் விளங்கும் பாட்டாயிற்று.

மிதிலைக் காட்சியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். கன்னிமாடத்தில் நின்ற பிராட்டியைக் கண்ட இராமபிரான், அவர் யாரோ என வியந்து நிற்கும் நிலையை ஒரு பாடல் காட்டுகிறது. அனைத்தும் அறிந்த பரம்பொருள், தன் திருமார்பில் உறைபவளையே அறியாதவன்போல் நிற்கிறான். மானிடனாகப் பிறந்தபின் மானிடர் மயக்கத்தையும் ஏற்றுக்கொண்ட எம்பெருமானின் எளிமையை இதனினும் இனிதாகச் சொல்லுதல் அரிது. இன்று பைரவி இராகத்தில் பாடப்பெறும் அப்பாடலைக் கேளாத இசையன்பர் தமிழகத்தில் இலர் எனலாம்.

இலங்கையிலிருந்து மீண்ட அனுமன் பிராட்டியைக் கண்ட செய்தியைக் கூறும் பாடலும் அத்தகையதே. சீதையின் பெயரைச் சொல்லுமுன் கண்டேன் என்னும் சொல்லையே முதலில் வைத்து, இராமபிரானின் துயரைக் கணப்பொழுதில் தீர்க்கும் அனுமனின் சொல்வன்மையைக் கம்பன் காட்டினான். கவிராயரோ அச்சொல்லை இருமுறை அடுக்கி, ஓடிவந்த தூதனின் மகிழ்ச்சியையும் இசையோடு சேர்த்தார்.

நூல் நிறைவுற்றபின் அதனை எங்கே அரங்கேற்றுவது என்னும் வினா எழுந்தது. இராமகாதைக்குத் திருவரங்கத்தினும் சிறந்த அவை வேறில்லை. இக்குவாகு குலத்தார் வழிபட்ட குலதனமே திருவரங்கநாதன்; இராமபிரான் ஆராதித்து வீடணனுக்கு அளித்த பெருமானே காவிரிக்கரையில் தங்கிவிட்டான் என்பது தலவரலாறு. கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாகப் போற்றப்படும் மண்டபமும் தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ளது. ஆயினும் அத்துணைப் பெரிய வைணவப் பேரவையின் முன், சைவ மடத்தில் பயின்ற ஒருவர், பேச்சுவழக்கு விரவிய நாடகப் பாடல்களைக் கொண்டு நிற்பது எளிய செயலன்று. அவை ஏற்காவிடின் பல்லாண்டு உழைப்பும் வீணாகும். கவிராயர் தம் கல்வியை நம்பாமல் அரங்கன் அருளையே நம்பித் திருவரங்கம் சேர்ந்தார்.

பெருமான் திருமுன் நின்று, எதனால் பள்ளிகொண்டீர் என வினவும் பாடலை அவர் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. முனிவர் வேள்வி காக்கச் சென்றதனாலோ, சிவதனுசை முறித்ததனாலோ, பிராட்டியுடன் கானகத்தில் நடந்ததனாலோ, மாயமானைத் தொடர்ந்ததனாலோ, கடலுக்கு அணை கட்டியதனாலோ, அரக்கரொடு பொருததனாலோ இந்த இளைப்பு எனக் கேட்டுக்கொண்டே செல்வதால், இராமாயணம் முழுவதும் அவ்வொரு பாடலுக்குள் அடங்கிவிடுகிறது. அறிதுயில் கொள்ளும் அரங்கனும் அயோத்தி இராமனும் ஒருவனே என்னும் உண்மையை அடியாரும் அவையோரும் ஒருங்கே உணர அது போதுமானதாயிற்று. இராம நாடகமும் அரங்கன் சந்நிதியில் அரங்கேறியது.

அதன்பின் கவிராயரின் புகழ் எங்கும் பரவியது. சென்னையில் வாழ்ந்த வள்ளல் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அவருக்குக் கனகாபிடேகம் செய்து சிறப்பித்தார் என்பர். 1779ஆம் ஆண்டில் கவிராயர் இறைவனடி சேர்ந்தார். அப்போது திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் பன்னிரண்டு வயதுச் சிறுவர். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோருடன் சேர்த்துத் தமிழிசை மூவருள் ஒருவராகக் கவிராயரை இன்று போற்றுகின்றனர். சீர்காழியில் அம்மூவருக்கும் மணிமண்டபம் எழுப்பப்பெற்றுள்ளது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை போன்ற பிற்கால இசை நாடகங்களுக்கும் இராம நாடகம் முன்னோடியாயிற்று.

மாணாக்கர் இருவரும் அமைத்த பழைய மெட்டுகள் பல இன்று வழக்கில் இல்லை. பிற்கால இசைவாணர்கள் அப்பாடல்களை வேறு இராகங்களில் அமைத்துப் பாடினர். கதாகாலட்சேபம் செய்த பாகவதர்களும் நாட்டியக் கலைஞர்களும் அவற்றைக் காத்து வந்தனர். 1940களில் தமிழிசை இயக்கம் தழைத்தபின் கச்சேரி மேடைகளிலும் அவை பெருவழக்காயின. இசை மாறியும் சொல் நிலைத்தது. காரணம், அச்சொல் மக்கள் நாவில் முன்னரே வாழ்ந்த சொல்.

திருவிழாக் காலத்தில் பெருமாளைச் சேவிக்க வரும் அன்பர்கள், கிடந்த திருக்கோலத்தின் முன் ஒரு கணம் நின்று கவிராயர் கேட்ட வினாவை நினைத்தல் நலம். வில்லேந்திக் கால்நோக நடந்தது நமக்காகவே. இன்று பள்ளிகொண்டு காத்திருப்பதும் நமக்காகவே. அரங்கன் திருவடிகளே சரணம்.