மழை இரவில் வந்த விருந்தாளிகள்

மழை இரவில் பாலிக் புலாவ் மலையோரத் தோட்ட வீடுகளில் விளக்கைப் போட்டால், சற்று நேரத்தில் விட்டில் பூச்சிகள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். நமக்கு அவை தொல்லை. ஆனால், 1855ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பருவத்தில் சரவாக் மலையொன்றில், அவற்றுக்காகவே நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தார் ஒருவர். அவர்தாம் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ்.

வாலஸ் 1823இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். குடும்ப வறுமையால் 14 வயதில் அவரது பள்ளிப்படிப்பு நின்றது. பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பி விற்பதே பின்னாளில் அவருக்குப் பிழைப்பாயிற்று. அமேசான் காடுகளில் நான்கு ஆண்டுகள் அலைந்தவர், 1852இல் தாயகம் திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றி, உடன் கொண்டுவந்த சேகரிப்பு முழுவதையும் இழந்தார். வேறொருவராக இருந்தால் வீட்டோடு இருந்திருப்பார். வாலஸோ 1854இல் மலாய்த் தீவுக்கூட்டத்துக்கு வந்துவிட்டார். எட்டு கிறிஸ்துமஸ் பெருநாள்கள் தாயைப் பிரிந்தே கழிந்தன.

1855 டிசம்பரில் சரவாக்கின் ஆட்சியாளர் ஜேம்ஸ் புரூக், பெனிஞ்சாவ் மலையிலிருந்த தம் மரவீட்டுக்கு அவரை அழைத்துச் சென்றார். அதன் தாழ்வாரம் காட்டைப் பார்த்தபடி இருந்தது. பலகைச் சுவருக்கும் தாழ்ந்த கூரைக்கும் வெள்ளை பூசியிருந்தார்கள். இருட்டியதும் வாலஸ் சுவரோரம் விளக்கை வைத்து, வலையும் ஊசிகளும் பெட்டியுமாக உட்கார்ந்துவிடுவார். கையில் ஒரு புத்தகமும் இருக்கும். முதல் இரவில் வந்தது ஒரே ஒரு பூச்சி!

கிறிஸ்துமஸுக்குக் கூச்சிங் திரும்பினார். சுற்றுவட்டாரத்து ஐரோப்பியர் அனைவரும் புரூக்கின் விருந்தில் கூடினர். சில நாள்களில் வாலஸ் மீண்டும் மலையேறினார். உதவியாளர் சார்லசும் அலி என்ற மலாய்ச் சிறுவனும் உடன் சென்றனர். ஆண்டின் கடைசி இரவில் காற்றும் கனமழையுமாக இருந்தது. அன்று 200 பூச்சிகள் கிடைத்தன. புத்தாண்டு இரவில் 185. அவருடைய 33ஆம் பிறந்தநாளான ஜனவரி 8 அன்று வானம் தெளிந்திருந்தது, கிடைத்தவை பத்துதான். மொத்தம் 26 இரவுகளில் 1,386 பூச்சிகள். அவற்றுள் 800க்கும் மேற்பட்டவை, மழை கொட்டிய நான்கு இருண்ட இரவுகளில் சிக்கியவை. ஒவ்வோர் இரவின் எண்ணிக்கையையும் வானிலையையும் குறித்து வைத்ததால்தான் இது புலப்பட்டது.

விளக்கு மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பிறகு அவர் தங்கிய வீடுகளில் கூரை உயரமாகவும் இருண்டும் இருந்தது. வந்த பூச்சிகள் அதற்குள் புகுந்து மறைந்தன. பெனிஞ்சாவில் கிடைத்த வேட்டை வேறெங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைப் போலவே தாமும் தனித்துக் கண்டறிந்த வாலஸின் பெயர், 1858இல் அறிவியல் உலகில் பரவியது. அதற்குப் பின்னரும் அலி அவருடனேயே தீவு தீவாகப் பயணம் செய்தார். பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் தேர்ந்தார். நோயுற்ற காலத்தில் வாலஸைக் கவனித்துக்கொண்டவரும் அவரே. 1862இல் இருவரும் பிரிந்தனர். அப்போது எடுத்த அலியின் புகைப்படத்தை, 1905இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் வாலஸ் சேர்த்திருந்தார்.