பந்தா, படிப்பா? டாக்டர் ஆவோவின் கதை

உங்க கிளாஸ்லயும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேர்ந்த ஒருத்தன் இருப்பான், யோசிச்சுப் பாருங்க. காலையில கிரவுண்டு, அப்புறம் அரைத் தூக்கத்துல முதல் பீரியட். டோர்னமென்ட் வந்தா ஓ.டி. ஜெயிச்சுட்டு வந்தா நோட்டீஸ் போர்டுல போட்டோ வரும். அந்த வாரமே இன்டர்னல்ல கோட்டை விட்டிருப்பான். போட்டோவுக்கு கை தட்டின அதே ஆட்கள்தான் அரியர் எத்தனைன்னும் கேட்பாங்க.

நான் சிதறால்காரன். எங்க ஊர்ப் பேரைச் சொன்னா மலைக்கோவிலைப் பத்தியும் பாறையில செதுக்கின சமணச் சிற்பங்களைப் பத்தியும்தான் எல்லாரும் கேட்பாங்க. ஆனா எங்க பக்கத்துப் பயலுவளுக்கு சாயங்காலம் ஆனா பந்து களி முக்கியம். கடற்கரைக்குப் போனா கேட்கவே வேண்டாம். தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை எல்லாம் ஃபுட்பால் ஊர்கள். அங்கிருந்து பந்தை நம்பியே வெளியூர் காலேஜுக்குப் போன அண்ணன்மார் பலர் உண்டு. தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கிலும் விளையாட்டு வீரர்களுக்கு 500 சீட் தனியா இருக்கு. ஆக, கால்ல திறமை இருந்தா காலேஜ் கதவு திறக்கும். உள்ளே போனப்புறம் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இந்த விஷயத்தை உலகத்திலேயே பெரிய வியாபாரமா ஆக்கி வச்சிருக்கிற நாடு அமெரிக்கா. அங்கே அவங்க ஃபுட்பால்ல 'வைடு ரிசீவர்' என்று ஓர் இடம். மைதானத்தின் ஓரத்திலிருந்து கிளம்பி ஓடி, தூரத்திலிருந்து எறியப்படும் பந்தை எட்டிப் பிடிக்க வேண்டியவன். ஹைஸ்கூல்ல அப்படி நல்லா பிடிக்கிற ஒரு பையன் கிடைச்சா, பல்கலைக்கழகக் கோச்சுகள் அவன் வீட்டுக்கே வந்து அப்பா அம்மாவோட உட்கார்ந்து பேசுவாங்க. ஸ்காலர்ஷிப் தருவாங்க. பையன் எந்தக் காலேஜில் கையெழுத்துப் போடுகிறான் என்பது உள்ளூரில் பெரிய செய்தி. ஆனா அப்படிக் காலேஜில் ஆடி முடிக்கிறவர்களில், தொழில்முறை லீக்கில் தேர்வாகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்றவர்களுக்குக் கையில் மிஞ்சுவது பட்டம். அதுவும் அவங்க படிச்சிருந்தா!

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு தன் வாழ்க்கையாலேயே பதில் எழுதிய ஒருவர் இருந்தார். பேரு தாலிமெரன் ஆவோ. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்கு கேப்டன். கூடவே, எம்.பி.பி.எஸ். டாக்டர்.

1918 ஜனவரி 28-ம் தேதி நாகா மலைகளில் உள்ள சாங்கி என்ற ஊரில் பிறந்தார். இன்றைய நாகாலாந்தின் மொகொக்சுங் மாவட்டம் அது. அன்றைக்கு நாகாலாந்து என்று ஒரு மாநிலமே கிடையாது, அசாமோடு சேர்ந்த மலைப்பகுதி. அப்பா கிறிஸ்தவ போதகர். வீட்டில் நிறைய பிள்ளைகள். இம்பூர் என்ற இடத்தில் இருந்த மிஷன் பள்ளியில் படிப்பு, அங்கிருந்த மைதானத்தில் ஆட்டம். தோல் பந்து எங்கே கிடைக்கும்? கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டி உதைத்து வளர்ந்த தலைமுறை அது. அப்புறம் சமவெளிக்கு இறங்கி ஜோர்ஹாட் மிஷன் பள்ளிக்குப் போனார். அங்கேயே பந்தாட்டக்காரராகப் பேர் வாங்கிவிட்டார்.

அப்பாவுக்கு ஓர் ஆசை இருந்தது. மகன் டாக்டராகி தன் மலை மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். மலையில் அன்றைக்கு ஒரு டாக்டரைப் பார்ப்பதே அபூர்வம். 1935-ல் அந்த அப்பா டைஃபாய்டில் இறந்துபோனார். மகனுக்கு வயது 17. அந்த வயசுல அப்பா சொல்லிட்டுப் போன ஒரு வார்த்தை எவ்வளவு கனமா இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு குவாஹாட்டி காட்டன் கல்லூரி. அங்கே சரத் தாஸ் என்ற ஆட்டக்காரர் நண்பரானார். இருவரும் மகாராணா கிளப்புக்கு ஆடினார்கள். ஆவோ அப்போது முன்வரிசையில் கோல் அடிக்கும் ஆள். அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1942-ல் அவருக்குக் கல்கத்தா கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜில் சீட் கிடைத்தது. இன்றைக்கு ஆர்.ஜி. கர் மெடிக்கல் காலேஜ் என்று நாம் அறிவது அதைத்தான். மலையிலிருந்து அவரைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனது மருத்துவப் படிப்பு. பந்து கூடவே போனது.

கல்கத்தாவுக்குப் போன நல்ல ஆட்டக்காரனை அந்த ஊர் கிளப்புகள் சும்மா விடுமா? மோகன் பகான் அவரை எடுத்துக்கொண்டது. 1889-ல் தொடங்கின கிளப். 1911-ல் வெறுங்காலோடு ஆடி, பிரிட்டிஷ் ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கின கிளப். அங்கே அவரை முன்வரிசையிலிருந்து பின்னுக்கு இழுத்து, தடுப்பாட்ட மிட்ஃபீல்டராக மாற்றினார்கள். எதிரணியின் ஆட்டத்தை நடுவிலேயே உடைக்கிற வேலை. கோல் அடிச்ச பேர் இதில் வராது. ஆனா மேட்ச் கையில் நிற்பது இவரால்தான். சில ஆண்டுகளிலேயே கேப்டன் பொறுப்பும் வந்தது.

அந்தக் காலத்துக் கல்கத்தாவை நினைச்சுப் பாருங்க. உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. 1943-ல் வங்காளப் பஞ்சம். 1944-ல் ஜப்பான் படை கோஹிமா வரைக்கும் வந்து, அவருடைய சொந்த மலையே போர்க்களம். 1946-ல் கல்கத்தாவில் மதக் கலவரம். இதுக்கு நடுவுல ஒருத்தர் காலையில் அனாடமி படிக்கிறார், வார்டுக்குப் போகிறார், சாயங்காலம் மோகன் பகான் மைதானத்தில் நிற்கிறார். அன்றைக்கு அதிகாரபூர்வமாக எல்லாரும் அமெச்சூர் ஆட்டக்காரர்கள்தான். பந்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நடத்தும் நிலைமை கிடையாது.

1948-ல் லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கால்பந்து அணிக்கு ஆவோ கேப்டன். அதோடு, தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திப் போனவரும் அவரே. நாகா மலைகளில் இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்ற அரசியல் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த மலையின் மகன் ஒருவர் கையில் அந்தக் கொடி இருந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

அந்த அணியில் நமக்குப் பக்கத்து முகங்களும் இருந்தன. திருவல்லா பாப்பன் திருவிதாங்கூர் ஆள். அன்றைக்கு நம்ம குமரி மாவட்டமும் அதே திருவிதாங்கூரில்தானே இருந்தது! பெங்களூர்ப் பக்கத்திலிருந்து சாரங்கபாணி ராமன், அகமது கான், கோல்கீப்பர் வரதராஜ்.

ஜூலை 31, இல்ஃபோர்டில் பிரான்ஸோடு ஆட்டம். இந்திய அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்ஸ் முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் ராமன் அடித்து சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். இடையில் இரண்டு பெனால்டி கிடைத்தன, இரண்டும் வீண். கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. ஒரே மேட்சில் ஒலிம்பிக் முடிந்துபோனது. ஆனாலும் லண்டன் ஜனங்களுக்கு இந்த வெறுங்கால் ஆட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. அர்செனல் கிளப் ஆவோவைக் கேட்டதாகவும், அவர் மறுத்ததாகவும் ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அந்தக் கதை எப்படியோ இருக்கட்டும். அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார் என்பது உறுதி. படிப்பு இன்னும் பாக்கி இருந்தது.

மக்கா, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க. சேர்ந்தது 1942. எம்.பி.பி.எஸ். முடித்தது 1950. எட்டு வருஷம். நாட்டுக்கே கேப்டனா இருந்த மனுஷனுக்கும் பந்து சும்மா வரலை, படிப்பிலிருந்து வருஷங்களை எடுத்துக்கொண்டுதான் வந்தது. நம்மகிட்ட யாராவது ஒரு டிகிரிக்கு எட்டு வருஷமான்னு கேட்டா எப்படி இருக்கும்? அவருக்கும் அந்த எட்டு வருஷம் லேசா இருந்திருக்காது. ஆனா அவர் நடுவுல விட்டுட்டுப் போகலை. நான் அவரிடம் பெரிதாக நினைப்பது அந்த ஒலிம்பிக் கொடியைவிட இதைத்தான்.

அடுத்து வந்தது இன்னொரு சோதனை. 1951 மார்ச்சில் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. லண்டனில் அவரோடு ஆடிய சைலன் மன்னா கேப்டன். அகமது கான், மேவாலால் எல்லாரும் ஆடினார்கள். இந்தியா தங்கம் வாங்கியது. அந்த அணியில் ஆவோ இல்லை. வயது 33, கையில் மருத்துவப் பட்டம். அவர் அசாமின் திப்ருகர் பக்கம் மருத்துவப் பணிக்குப் போனார். 1953-ல் கோஹிமா. அங்கே நாகா ஆஸ்பத்திரியின் பொறுப்பு. 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானபோது சுகாதாரத் துறை இயக்குநர். 1978-ல் ஓய்வு.

கோஹிமாவில் அவர் வேலை பார்த்த வருஷங்கள் அமைதியான வருஷங்கள் இல்லை. ஒரு பக்கம் ஆயுதப் போராட்டம், மறுபக்கம் ராணுவம். அதுக்கு நடுவுல ஓர் ஆஸ்பத்திரியை நடத்தணும். மைதானத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்து ஆடியவர், வாழ்க்கையிலும் அதே இடத்தில்தான் நின்றார். அப்பா ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. மகன் டாக்டர், அதுவும் தன் மலையிலேயே.

1998 செப்டம்பர் 13-ல், 80 வயதில் காலமானார். அவர் படித்த காட்டன் கல்லூரியில் உள்விளையாட்டு அரங்கத்துக்கு அவர் பெயர். நூற்றாண்டான 2018-ல் தபால் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. இருந்தும், நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கிரிக்கெட் ஸ்கோரை மனப்பாடமா ஒப்பிக்கிற நமக்கு, நாட்டின் முதல் கேப்டன்களில் ஒருவர் டாக்டர் என்பதே புதுச் செய்தி.

எல்லாரும் ஆவோ மாதிரி ஆகணும்னு நான் சொல்ல வரலை. அவருக்கு மெடிக்கல் சீட் முதலில் கிடைத்தது, கிளப் பிறகு வந்தது. நம்ம பசங்களுக்குப் பெரும்பாலும் தலைகீழ். பந்தால் சீட் கிடைக்குது, அந்த சீட்டில் உட்கார நேரம் கிடைக்கிறதில்லை. 75 சதவீத வருகைப் பதிவு ஒரு பக்கம், மாநிலப் போட்டி மறுபக்கம். காலேஜுக்கு அவன் வாங்கித் தரும் கோப்பை வேணும்னா, அவன் தவறவிட்ட லேபை வேறொரு நாள் வைத்துக் கொடுப்பதும் காலேஜின் கடமைதான். ஒருத்தனைக் கூப்பிட்டுச் சேர்க்கும்போது காட்டுகிற அக்கறையை அவன் பட்டம் வாங்கும் நாள் வரைக்கும் காட்டணும். அமெரிக்காவின் வைடு ரிசீவருக்கும் தூத்தூர் பையனுக்கும் இது பொது.

கூடப் படிக்கிற நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கு. அவனோட அரியரை எண்ணிச் சிரிக்கிறது சுலபம். இந்த வாரம் அவன் டோர்னமென்ட் முடிஞ்சு வந்தா, உங்க நோட்ஸை அவனுக்கு அனுப்புங்க. ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த ஒரு யூனிட்டைச் சொல்லிக் கொடுங்க. முழங்கால் அடிபட்டு பந்து நின்னுபோற நாள் அவனுக்கும் ஒரு நாள் வரும். அன்னைக்கு அவன் கையில் ஒரு பட்டம் இருக்கணும்.