மரமுளையை வெளியே தள்ளிய எண்ணெய்

ரேனால்ட்ஸ் என்றதும் பொறியியல் மாணவர்களுக்கு ஓர் எண் நினைவுக்கு வரும். குழாயில் நீர் சீராக ஓடுமா, கலங்கிச் சுழலுமா என்பதைச் சொல்லும் எண் அது. எனக்கும் முதலாம் ஆண்டில் அவர் அந்த எண்ணாகத்தான் அறிமுகமானார். மின்சாரக் கார்களின் மோட்டாரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகே, ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸின் இன்னொரு வேலை கண்ணில் பட்டது. அது மசகு எண்ணெயைப் பற்றியது.

அவர் 1842இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார்; கணிதம் கற்றவர், விவசாயக் கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றவர். மகன் பள்ளி முடிந்ததும் நேரே பல்கலைக்கழகம் போகவில்லை. 1861இல் ஒரு பொறியாளரின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே பார்த்தவற்றின் காரணம் புரிய வேண்டுமென்றால் கணிதம் தேவை என்று உணர்ந்த பிறகுதான் கேம்பிரிட்ஜ் சென்றார். 1867இல் கணிதப் பட்டத் தேர்வில் ஏழாம் இடம். அடுத்த ஆண்டே மான்செஸ்டரில் ஓவன்ஸ் கல்லூரியின் பொறியியல் பேராசிரியர். அப்போது வயது 25தான். தொழிற்கல்லூரியா, பல்கலைக்கழகமா என்று வீட்டில் விவாதம் நடந்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இந்த வரிசையைக் கவனிக்கலாம்.

அவருடைய விரிவுரைகளைப் பின்தொடர்வது கடினம் என்று மாணவர்களிடையே பெயர் இருந்தது. அப்படியும், பின்னாளில் எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் அவரிடம் படித்தவர்தான்.

இனி மசகு எண்ணெய்க்கு வருவோம். 1880களில் பீச்சம் டவர் என்ற பொறியாளர், இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக உராய்வை அளந்துகொண்டிருந்தார். சுழலும் தண்டின் மேல் ஒரு தாங்கி. அதன் மேல் பாரம். தண்டின் அடிப்பகுதி எண்ணெயில் மூழ்கியிருக்கும். மேலிருந்து எண்ணெய் விட, தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே வரத் தொடங்கியது. தக்கையால் அடைத்தார், நிற்கவில்லை. மரமுளை அடித்தார், அதையும் எண்ணெய் மெல்ல வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கி சுமந்த சராசரி அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. ஒரு பம்பு கூட இல்லாமல் இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வந்தது?

1886இல் ரேனால்ட்ஸ் விடை எழுதினார். தண்டும் தாங்கியும் மிகச்சரியாகப் பொருந்துவதில்லை. நடுவே உள்ள இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஆப்புபோல் இருக்கும். சுழலும் தண்டு, தன்னோடு ஒட்டிய எண்ணெயை அந்தக் குறுகலுக்குள் இழுத்துச் செல்கிறது. புகுந்த எண்ணெய்க்கு இடம் போதாது, அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தமே பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. அப்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. சூடேறினால் எண்ணெய் இளகிவிடும் என்பதையும் அவர் விடவில்லை. ஆலிவ் எண்ணெயின் பாகுத்தன்மை வெப்பத்தோடு எப்படிக் குறைகிறது என்று தாமே அளந்து கணக்கில் சேர்த்தார். எனக்கு அவர் மீது மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான்.

இந்த விளக்கத்துக்குள் ஒரு சிக்கலும் இருக்கிறது. எண்ணெயை இழுத்துச் செல்லச் சக்தி செலவாகும். பாரத்தைத் தாங்கும் அதே பாகுத்தன்மைதான் சக்தியை வெப்பமாக வீணாக்குகிறது. மோட்டாரையும் கியரையும் ஒரே கூட்டுக்குள் வைக்கும் இன்றைய மின்சாரக் காரில் இது பெரிய தலைவலி. மோட்டார் தண்டு நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடும். அந்த வேகத்தில் இளகிய எண்ணெயே போதிய படலம் அமைத்துவிடும். கெட்டியான எண்ணெய் வீண் செலவு. கடைசிப் பற்சக்கரமோ மெதுவாகச் சுழன்று பெரும் விசையைச் சுமக்கிறது. அங்கே இளகிய எண்ணெயின் படலம் மெலிந்து, பற்கள் உரசித் தேயும். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணெய். பல வடிவமைப்புகளில் மோட்டாரைக் குளிர்விப்பதும் அதுவே. பற்சக்கரம் எண்ணெயில் ஆழமாக மூழ்கினால், அதைக் கலக்கி அடிப்பதிலும் சக்தி போகும். அதனால் எண்ணெய் மட்டத்தைத் தாழ்த்தி, தேவைப்படும் இடத்தில் மட்டும் பீய்ச்சுகிறார்கள். ஒருமுறை சார்ஜ் செய்தால் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்பதில் இதற்கும் பங்கு உண்டு. இந்தப் படலத்தின் தடிமனைக் கணக்கிட, பொறியாளர்கள் இன்றும் 1886ஆம் ஆண்டுச் சமன்பாட்டிலிருந்தே தொடங்குகிறார்கள்.

அவருடைய சொந்த வாழ்க்கையில் இழப்புகள் அதிகம். 1868இல் மணந்த மனைவி சுமார் ஓராண்டில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற மகனும் 1879இல் இறந்தான். 1905இல் உடல்நலம் குன்றி ஓய்வு பெற்ற ரேனால்ட்ஸ், 1912இல் சாமர்செட் பகுதியின் வாட்செட் என்ற கடலோர ஊரில் காலமானார்.

அந்தச் சமன்பாடு ரேனால்ட்ஸின் பெயரில் இருக்கிறது. மரமுளை அடித்துப் பார்த்த டவரின் பெயரை, என் பாடநூலில் ஓர் அடிக்குறிப்பில்தான் கண்டேன்.